யந்திரமும் கணிதமும்: மென்பொருளால் இயங்கும் கருவிகளுக்குக் காப்புரிமை தகுமா?

ரப்பரை அச்சிலிட்டுப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வெகுகாலம் தீராதிருந்த ஒரு சங்கடம் உண்டு. கச்சா ரப்பரை அச்சுக்குள் வைத்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் செலுத்தி, சரியான நேரத்தில் அச்சைத் திறக்கவேண்டும். முந்தினால் பதம் வராது, பிந்தினால் பதம் மிஞ்சிவிடும். அந்த நேரம் எவ்வளவென்பதை, ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி அர்ரீனியஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த சமன்பாட்டைக்கொண்டு கணக்கிடலாம் என்பது தொழிலில் இருந்தவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால் கணக்கில் இடவேண்டிய வெப்பநிலை, பண்டத்தை உள்ளே வைக்க அச்சைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மாறிவிடுவதால், வெளியே நின்று வேலை செய்பவன் ஒரு நேரத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டு காரியத்தை நடத்தவேண்டியிருந்தது. ஜேம்ஸ் டீர், தியோடர் லட்டன் என்னும் இரு அமெரிக்கர்கள், அச்சின் உள்வெப்பத்தை இடைவிடாமல் அளந்து அந்த அளவைக் கணிப்பொறிக்கு அனுப்பி, அது சமன்பாட்டைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, கழிந்த நேரமும் வேண்டிய நேரமும் ஒன்றுபடும் க்ஷணத்தில் அச்சு தானே திறந்துகொள்ளுமாறு ஓர் ஏற்பாட்டை அமைத்தார்கள்.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இவர்களுடைய விண்ணப்பத்தை நிராகரித்தது. மென்பொருளின்படி கணிப்பொறி நடத்துகிற படிகள் உரிமைக்கு உரியவை அல்ல. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது, ரப்பரை அச்சில் வைப்பதும் அச்சை மூடுவதும் போன்ற வழக்கமான வேலைகளே என்பது அலுவலகத்தின் வாதம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. 1981 மார்ச் 3 அன்று, ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற தீர்ப்பில், இது காப்புரிமைக்குத் தகுதியான விஷயமே என்று நிர்ணயம் ஆயிற்று. ஒரே ஒரு நீதிபதியின் அபிப்பிராயத்தால் ஒருபுறம் சாய்ந்த அந்தப் பிரச்னை, மோட்டார் வண்டியின் பிரேக்கிலிருந்து மருத்துவமனையின் எக்ஸ்ரே கருவி வரையில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் மென்பொருளின் ஆணைப்படி இயங்கும் இக்காலத்தில், சட்ட நிபுணர்களுக்கு மட்டும் உரிய நுணுக்கமாக இல்லாமல், ஜனசமூகம் முழுவதன் நலத்தையும் தொடுகிற விஷயமாகிவிட்டது. மென்பொருளால் இயங்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை தரலாம் என்பதும், ஆனால் அந்த உரிமை யந்திரம் இயற்கையின்மீது நிகழ்த்தும் புதிய காரியத்துக்கும், அதை நிகழ்த்தும் வழியைக் கண்டவன் உலகுக்கு வெளிப்படையாகக் கற்பித்த அளவுக்கும் மேற்படக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம்.

காப்புரிமை என்பது பிறப்புரிமை அன்று. சமூகம் ஒரு காரணத்துக்காக ஏற்படுத்திய சலுகை. வெனிஸ் நகரத்துக் குடியரசு 1474இல் இயற்றிய சாசனத்திலும், இங்கிலாந்தின் பார்லிமெண்டு 1624இல் அரசனுடைய ஏகபோக மானியங்களை ஒழித்தபோது புதிய தொழிற்பொருள்களைக் கண்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்காக விட்டுவைத்த பதினான்கு ஆண்டு உரிமையிலும், இன்று நம் நாட்டில் வழங்கும் இருபது ஆண்டு உரிமையிலும் அடங்கியிருக்கும் தத்துவம் ஒன்றே. கண்டுபிடித்தவன் தன் வித்தையைப் பிறர் கற்றுச் செய்யும்படி முழுமையாக எழுதிக்கொடுக்கிறான். அதற்குப் பிரதியாக, சில காலம் அதைப் பிறர் செய்யாமல் தடுக்கும் அதிகாரத்தைச் சமூகம் அவனுக்குத் தருகிறது. காலம் முடிந்ததும் வித்தை பொதுச்சொத்தாகிறது. இயற்கையின் விதிகளும் கணித சாஸ்திரத்தின் உண்மைகளும் இந்தப் பேரத்துக்கு அப்பால் வைக்கப்பட்டிருப்பது, அவற்றைக் கண்டவர்களுடைய மேதைமை குறைந்தது என்பதனால் அன்று. எல்லா வித்தைகளுக்கும் அவை அடிநிலமாக இருப்பதால், அந்த நிலத்தை ஒருவன் வேலியிட்டு அடைத்தால் பிறர் நிற்க இடமில்லாமல் போகும் என்பதனாலேயே ஆகும்.

மென்பொருள் தோன்றுவதற்கு முன்னும் யந்திரங்களுக்கு ஆணையிடும் உறுப்புகள் இருந்தன. நீராவி யந்திரத்தின் வேகம் கூடியபோது இரு குண்டுகள் விலகிச் சுழன்று நீராவியைத் தாமே குறைத்தன. கேம் என்னும் கோணல் வட்டின் வளைவிலே, எந்த வால்வு எப்பொழுது திறக்கவேண்டும் என்ற கணக்கு முழுவதும் உருக்கில் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய ஓர் உறுப்பைப் புதிதாக அமைத்தவன் காப்புரிமை கேட்டபோது, இது கணக்குத்தானே என்று எவரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அதே ஆணையை இன்று உருக்கில் வெட்டாமல் நினைவகத்தில் எழுதிவைத்தால் மட்டும் அது எப்படித் தகுதியை இழக்கும் என்று மென்பொருள் காப்புரிமையை ஆதரிப்போர் கேட்கிறார்கள். இக்கேள்வி நியாயமானது. செய்யப்படும் காரியம் ஒன்றாக இருக்க, ஆணையைத் தாங்கும் பொருள் உருக்கா சிலிக்கனா என்பதை வைத்துச் சட்டம் வேற்றுமை பாராட்டுமாயின், அச்சட்டத்துக்குத் தர்க்க பலம் இருக்காது.

எனினும் மறுபக்கத்து வாதத்துக்கும் உரிய கனம் உண்டு. கேமின் வளைவு அந்த யந்திரத்துக்கே உரியது. அதன் வடிவத்தைக் கண்ணால் பார்க்கலாம். வேறொரு பொறியாளன் வேறு அமைப்பால் அதே பயனைப் பெறுவானாயின் முன்னவனுடைய உரிமை அவனைச் சாதாரணமாகத் தடுக்காது. மென்பொருளோ, தன் இயல்பினாலேயே எந்த யந்திரத்துக்கும் பொதுவானது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின்மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டி இதற்குத் தக்க உதாரணம். துளையிட்ட அட்டைகளின் வரிசை எந்தப் பாவு நூல் மேலே எழவேண்டும் என்று ஆணையிட, நெசவாளர் ஊடை ஓட்ட, புட்டாவும் கரையும் துணியில் உருவாகின்றன. அட்டையைப் படித்து நூலைத் தூக்கும் பொறியமைப்பு ஒரு கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்னப்பட்சிக்கு வெட்டிய அட்டைக் கட்டை எடுத்துவிட்டு மயிலுக்கு வெட்டிய கட்டைக் கோத்த மாத்திரத்தில், அது புதிய தறி ஆகிவிடுவதில்லை. ஆணை மாறியதனால் யந்திரம் மாறிற்றா, அல்லது யந்திரம் செய்யும் காரியத்திலே புதுமை விளைந்ததா என்று பிரித்து அறிவதே இவ்விஷயத்தின் மையம்.

அமெரிக்க நீதிமன்றம் இந்தப் பிரிவினையை எட்டியது ஒரே நாளில் அன்று. பதின்மக் குறியீட்டில் எழுதிய எண்களை இரும எண்களாக மாற்றும் முறையொன்றுக்கு உரிமை கேட்ட பென்சன் வழக்கில், 1972ஆம் ஆண்டு அது மறுத்தது. உரிமை தந்திருந்தால், அந்த மாற்றத்தைக் கணிப்பொறியில் எந்தக் காரியத்துக்காகச் செய்வோரும் ஒருவனுடைய அனுமதியை நாடவேண்டியிருந்திருக்கும். 1978இல் வந்த ஃப்ளூக் வழக்கு இன்னும் நுட்பமானது. பெட்ரோலியப் பொருள்களை மாற்றும் ரசாயனச் சாலைகளில், வெப்பமும் அழுத்தமும் எந்த எல்லையைத் தாண்டினால் அபாய அறிவிப்பு எழவேண்டும் என்ற அளவை அவ்வப்போது புதுப்பிக்கும் சூத்திரம் அது. ஃப்ளூக்கின் விண்ணப்பம், அந்த அளவுகளை எப்படி அளப்பது, ரசாயன மாற்றம் எவ்வாறு நடக்கிறது, அறிவிப்பு எழுந்தபின் என்ன செய்வது என்ற எதையும் சொல்லவில்லை. அதன் முடிவாகக் கிடைத்தது ஓர் எண். மூன்றாண்டுக்குப் பின் வந்த டீர் வழக்கிலோ, கணக்கின் முடிவாக அச்சு திறந்தது. பதமான ரப்பர் வெளியே வந்தது. அர்ரீனியஸின் சமன்பாட்டை வேறு எந்தக் காரியத்துக்கும் எவரும் பயன்படுத்தலாம் என்ற சுதந்திரமும் குறையவில்லை. ஒன்றில் கணக்கு கணக்காகவே நின்றது. மற்றதில் அது பௌதிகப் பொருளில் ஒரு மாறுதலை நிகழ்த்தும் தொடரின் கண்ணியாயிற்று.

டீர் வழக்கில் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. விண்ணப்பத்தை உள்ளபடி படித்தால், இவர்கள் புதிதாகக் கண்டது நேரத்தைக் கணக்கிடும் மேலான முறையையே, ரப்பரைப் பதப்படுத்தும் புதிய முறையை அன்று என்று அவர் கருதினார். புதுமை எங்கே இருக்கிறதோ அங்கே பார்வையைச் செலுத்தவேண்டும் என்னும் அவருடைய எச்சரிக்கை பொன்னைப் போன்றது. ஆயினும், அளத்தல், கணக்கிடல், திறத்தல் ஆகிய மூன்றையும் இடைவிடாத ஒரே வளையமாகக் கோத்ததனால், கணக்கை மட்டும் தனியே மேம்படுத்தியிருந்தால் கிட்டாத ஒரு பயன் கிட்டியது. தொழிலாளியின் உத்தேசத்தை நம்பியிருந்த ஒரு பௌதிகக் கிரியை, தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் கிரியையாக மாறிற்று. உறுப்புகள் யாவும் பழையனவாக இருப்பினும் சேர்க்கை புதிதாக இருக்கலாம் என்பது காப்புரிமைச் சட்டத்தின் பழைய கொள்கையே ஆதலால், பெரும்பான்மையோரின் முடிவே சரியென்று கொள்கிறேன்.

ஐரோப்பாவிலும் அறிஞர்கள் வேறு பாதையில் நடந்து ஏறத்தாழ இதே இடத்தை அடைந்தார்கள். இயற்கைச் சக்திகளை மனிதன் தன் வசப்படுத்தி, முன்கூட்டியே அறியக்கூடிய பயனை விளைவிக்கும் போதனையே காப்புரிமைக்கு உரியது என்பது ஜெர்மானிய உச்சநீதிமன்றம் 1969ஆம் ஆண்டிலேயே வகுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தின்படி, நிர்வாகத் திட்டமிடலுக்கான ஒரு கணிப்பொறி முறையை 1976இல் அது மறுத்தது. ஆனால் மோட்டார் வண்டியின் சக்கரம் பிரேக் பிடிக்கையில் இறுகி வழுக்காதபடி பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை 1980இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுச் சபை, 1987இல் எக்ஸ்ரே கருவி ஒன்றைப் பற்றிய வழக்கில், படம் தெளிவாக விழவும் எக்ஸ்ரே குழாய் மிகைச் சுமையால் பழுதாகாதிருக்கவும் குழாயின் அளவுகளை மென்பொருள் நிர்ணயிக்கும்பொழுது, கருவியையும் மென்பொருளையும் கூறுபோடாமல் முழுமையாகவே நோக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழாய் பிழைப்பதும் சக்கரம் வழுக்காதிருப்பதும் காகிதத்தில் முடிகிற காரியங்கள் அல்ல.

இந்தத் தெளிவு நெடுநாள் நிலைக்கவில்லை. புதிய மென்பொருளை ஏற்றினால் பொதுவான கணிப்பொறியே புதியதொரு விசேஷ யந்திரமாகிவிடுகிறது என்ற கொள்கையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1994இல் ஏற்றது. 1998இல், பரஸ்பர நிதிகளின் கணக்கை நிர்வகிக்கும் ஏற்பாட்டுக்கும் அதே நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தது. பங்கு விலையைக் கணக்கிட்டு முடிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு, ரப்பர் அச்சுக்குரிய மரியாதை கிடைத்துவிட்டது. யந்திரம் என்ற பெயர் விண்ணப்பத்தில் இருந்தால் போதும் என்ற நிலை வந்தபோது, வியாபார முறைகளுக்கான விண்ணப்பங்கள் பெருகிக் குவிந்தன. 2014இல் ஆலிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், கொடுக்கல் வாங்கலில் இரு தரப்புக்கும் இடையே நம்பகமான மூன்றாமவரை நிறுத்தும் பழைய எண்ணத்தைக் கணிப்பொறியில் செய்வதனால் மாத்திரம் அது காப்புரிமைக்குத் தகுந்ததாகாது என்று ஒருமித்துக் கூறியபின்னரே அந்த வெள்ளம் சற்று வடிந்தது. ஐரோப்பாவில், கணிப்பொறிவழிக் கண்டுபிடிப்புகளுக்கு ஒரு பொதுச் சட்டம் செய்யும் முயற்சியை, 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பியப் பார்லிமெண்டு 648 வாக்குகளால் தோற்கடித்தது. ஆதரித்தவர்கள் 14 பேர்.

தகுதியைப் பற்றிய இந்த வாதங்களின் ஆரவாரத்தில், அதைவிட முக்கியமான மற்றொரு விஷயம் போதிய கவனம் பெறாமல் போய்விட்டது. கண்டுபிடித்தவன் தன் வித்தையைக் கற்பித்தானா என்பதே அது. உடலின் உட்படங்களை எடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி பற்றிய ஃபோனார் வழக்கு அமெரிக்காவில் 1997இல் தீர்ந்தது. முதுகெலும்பின் வட்டுகளைப்போல வெவ்வேறு சாய்வில் அமைந்த பகுதிகளின் படங்களை, அவற்றுக்கு ஏற்ற கோணங்களில் ஒரே ஆய்விலே எடுக்கும் முறை அங்கே விவாதத்துக்கு உள்ளாயிற்று. அந்த வேலையை நடத்தும் மென்பொருளின் நிரல் விண்ணப்பத்தில் இல்லையே என்று எதிர்த்தரப்பார் வாதித்தபோது, மென்பொருள் செய்யவேண்டிய வேலையைச் சொல்லிவிட்டால், நிரலை எழுதுவது பயிற்சியுள்ளவனுக்குச் சாதாரண வேலைதான் என்று நீதிமன்றம் விடை பகர்ந்தது. பன்னிரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட நஷ்டஈடும் நிலைத்தது. நிரலின் ஒவ்வொரு வரியும் வேண்டாம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் வேலையின் பெயரைச் சொன்னாலே வழியைச் சொன்னதாகும் என்று இதை நீட்டிக்கொண்டு போனால், பயனை மட்டும் எழுதிவைத்து, அந்தப் பயனைத் தரும் எல்லா வழிகளையும் ஒருவன் தனதாக்கிக்கொள்ள இடம் ஏற்பட்டுவிடும்.

இந்தச் சறுக்கலைத் திருத்திய தீர்ப்புகள் சூதாட்ட யந்திர வழக்குகளில் எழுந்தன. சுழலும் உருளைகளைக் கொண்ட யந்திரத்தில், உருளை நிற்கக்கூடிய இடங்கள் சிலவே. ஆகையால் பரிசு விழும் வாய்ப்பை மிகக் குறைக்க விரும்பினால் உருளையைப் பெரிதாக்க வேண்டும். டெல்னேஸ் என்பவர், இடங்களின் தொகையைக் காட்டிலும் மிகப் பல எண்களை எடுத்துக்கொண்டு, சில இடங்களுக்குப் பல எண்களையும் பரிசுக்குரிய இடத்துக்கு ஓரிரு எண்களையும் ஒதுக்கி, தற்செயலாக எழும் ஓர் எண்ணைக் கணிப்பொறி தேர்ந்தெடுத்தபின் அதற்குரிய இடத்தில் உருளையை நிறுத்தினார். இவருடைய உரிமை பற்றி 1999இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், உறுப்பின் பெயரைக் கூறாமல் அதன் வேலையால் மட்டும் குறிக்கிற இத்தகைய உரிமைக்கோரிக்கை, ஏதோ ஒரு கணிப்பொறியைக் குறிக்காது, விண்ணப்பத்தில் வெளியிட்ட அந்தக் குறிப்பிட்ட வழிமுறையை நடத்தும் கணிப்பொறியையே குறிக்கும் என்று வரையறுத்தது. 2008இல் அதே நீதிமன்றம், தக்க மென்பொருளை ஏற்றிய நுண்செயலி என்று மட்டும் எழுதி, வழிமுறையை எழுதாமல் விட்ட மற்றொரு சூதாட்ட யந்திர உரிமையைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. இத்தீர்ப்புகள் வகுத்த கொள்கை, மென்பொருள் யந்திரங்கள் அனைத்துக்கும் நெறியாக இருக்கத்தக்கது.

யந்திரம் தானே கற்றுக்கொள்ளும் இந்நாளில் இந்நெறியின் தேவை பன்மடங்காகிறது. கையிலோ விரலிலோ அளந்த இரத்த அழுத்தத்திலிருந்து, இதயத்தை அடுத்த பெருந்தமனியின் அழுத்தத்தை நரம்புவலையமைப்பு என்னும் கணித முறையால் அறிவதற்குக் கேட்ட உரிமையை, ஐரோப்பிய மேல்முறையீட்டுச் சபை 2020இல் மறுத்தது. பல வயதும் பல உடல்நிலையும் கொண்ட நோயாளிகளின் விவரங்களைக்கொண்டு வலையமைப்பைப் பயிற்றவேண்டும் என்று விண்ணப்பம் பொதுவாகச் சொன்னதேயன்றி, பயிற்சிக்குத் தக்க விவரத்தொகுதி எதையும் தரவில்லை. படித்தவன் செய்துபார்க்க முடியாத போதனை போதனையாகாது என்ற பழைய நியாயமே இங்கும் வென்றது.

நம் நாட்டுக்கு வருவோம். நம் காப்புரிமைச் சட்டத்தின் சிற்பி என்று கூறத்தக்கவர், சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து பின்னர் சுப்ரீம் கோர்ட்டை அலங்கரித்த ந. ராஜகோபால ஐயங்கார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருப்பதையும், அவற்றில் மிகப் பல இந்நாட்டில் தொழிலாக நடைபெறாமல் முடங்கிக் கிடப்பதையும் 1959ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். 1970ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்தது. அதில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த ஒரு விதி, கணித முறையும் வியாபார முறையும் வழிமுறைகளும் வெறும் கணிப்பொறி நிரலும் கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. தொழிலில் பிரயோகமாகும் நிரலையும் வன்பொருளோடு சேர்ந்த நிரலையும் இந்த விலக்கிலிருந்து விடுவிக்க 2004இல் ஓர் அவசரச் சட்டம் முயன்றது. 2005இல் பார்லிமெண்டு அதை ஏற்கவில்லை. வெறும் நிரல் எது, நிரலால் இயங்கும் கண்டுபிடிப்பு எது என்ற எல்லைக்கோட்டை வரையும் பொறுப்பு அதிகாரிகளின்மீது விழுந்தது.

அந்தக் கோடு நேராக ஓடவில்லை. 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, நிரலோடு புதிய வன்பொருளும் இருந்தாலன்றி உரிமை இல்லை என்றது. 2017ஆம் ஆண்டு வழிகாட்டி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2019இல் டில்லி ஹைகோர்ட், ஃபெரித் அல்லானி என்பவருடைய வழக்கில், மோட்டார் வண்டி, சலவை யந்திரம், குளிர்சாதனப் பெட்டி முதலிய யாவற்றிலும் நிரல் புகுந்துவிட்ட காலத்தில் அத்தகைய கண்டுபிடிப்புகள் அனைத்தையும் மறுப்பது பின்னோக்கிய செயலாகும் என்றும், தொழில்நுட்பப் பயன் உண்டா என்று ஆராயவேண்டும் என்றும் கூறிற்று. வன்பொருள் புதிதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது சரியே. அந்த நிபந்தனையின்படி டீரின் அச்சும் தோற்றிருக்கும். ஆனால் தொழில்நுட்பப் பயன் என்ற அளவுகோல், அதைப் பயன்படுத்தும் அதிகாரியின் கைக்கேற்ப நீளவும் குறையவும் கூடியது. கணிப்பொறி விரைவாக வேலை செய்கிறது என்பதையும் தொழில்நுட்பப் பயனாக எண்ணத் தொடங்கினால், சட்டம் விலக்கிய வெறும் நிரல்கள் யாவும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இத்தனை நிபந்தனைகள் விதித்தால் ஆராய்ச்சியில் முதலீடு செய்ய எவர் முன்வருவார் என்று தொழிலதிபர்கள் கேட்கக்கூடும். எழுதிய நிரலைப் பிறர் பிரதியெடுக்காமல் காக்க, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களால் வலுப்பெற்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பதிவும் வேண்டியதில்லை. அதற்கும் மேலான ஏகபோகத்தை வேண்டுவோர், அதற்கும் மேலான ஒன்றைச் சமூகத்துக்குத் தருவது நியாயமல்லவா? தாம் கண்ட வழியைத் திறந்து சொன்னவருக்கு அந்த வழி முழுவதும் உரிமையாகும்; அதே பயனுக்கு வேறு வழி காண்பவன், அவன் சிறிய பட்டறையின் சொந்தக்காரனாயினும் பல்கலைக்கழக மாணவனாயினும், அச்சமின்றித் தன் வேலையைச் செய்வான். போட்டி வளர்வதும் இதனாலேயே.

ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தபின்னரே உரிமை வழங்கவேண்டும் என்பது என் முடிவு. கணக்கின் விடை எண்ணாகவே நின்றுவிடாமல், பௌதிக உலகில் முன்பு நிகழாத ஒரு கட்டுப்பாட்டை யந்திரத்தின்வழியே நிகழ்த்துகிறதா என்பது முதற்கேள்வி. துறையறிந்த ஒருவன் விவரணத்தைப் படித்து அக்கட்டுப்பாட்டைத் தானே அமைக்கும்படி, வழிமுறையையும், பயிற்சி வேண்டியதாயின் பயிற்சி விவரங்களையும் விண்ணப்பதாரர் எழுதியிருக்கிறாரா என்பது இரண்டாவது. கண்டுபிடிப்பையும் அதை நடத்தும் சிறந்த முறையையும் முழுமையாக விவரிக்கவேண்டும் என்று நம் சட்டத்தின் பத்தாவது பிரிவு இன்றும் கட்டளையிடுகிறது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. காப்புரிமை அதிகாரிகள் அந்தப் பிரிவை மென்பொருள் யந்திரங்களின் விண்ணப்பங்களுக்கு எழுத்துப் பிசகாமல் பிரயோகிக்க வேண்டும். விவரம் குறைந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பவேண்டும்.